பொம்ப்ரென் என்னும் பெயர்ச்சொல்லின் தோற்றமும் பயன்பாடும்

நாகரிகங்களில் இரண்டு வகை உண்டு. பாலம் கட்டும் நாகரிகம் ஒன்று. பாலத்துக்குப் பெயர் காணும் நாகரிகம் மற்றொன்று. முன்னது கையால் உழைக்கிற சாதாரண மக்களுடையது. பின்னதே உயர்ந்தது. அந்த உயர்ந்த நாகரிகத்தின் சிகரம், வடக்கு வேல்ஸ் மலைகளுக்கு நடுவே நானூற்றுப் பன்னிரண்டு மனிதரும் அதைப்போல் பத்து மடங்கு ஆடுகளும் வாழும் எங்கள் லான்டிவெர். நான் பிறந்த ஊர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஊர்க் கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. செயலாளர் என்ற முறையில் எழுதியவன் நான்தான்.

'பொம்ப்ரென்' எங்கள் வெல்ஷ் மொழியின் ஒரு பெயர்ச்சொல். ஓடையின் குறுக்கே மரப்பலகை போட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கடக்கிற சிறு பாலத்தைக் குறிக்கும். 'பொன்ட்' என்றால் பாலம். அது ரோமானியர்கள் விட்டுப்போன சொல். 'ப்ரென்' என்றால் மரம். அது எங்கள் வீட்டுச் சொல். இரண்டும் ஒட்டிக்கொண்டபோது நடுவில் நின்ற ஒலி ஒன்று நசுங்கி, மீதி உருண்டு திரண்டு 'பொம்ப்ரென்' ஆனது. ரோமானியர்கள் போய்விட்டார்கள். அவர்கள் போட்ட பாலங்களும் போய்விட்டன. சொல் மட்டும் ஓர் ஆணிகூடக் கழலாமல் நிற்கிறது.

எங்கள் ஊரிலும் அதே வரலாறு திரும்பியது. பிப்ரவரி வெள்ளத்தில் பொம்ப்ரென் அடித்துக்கொண்டு போயிற்று. சொல்லுக்குச் சேதமில்லை. எனவே ஊருக்கு இழப்பு என்று எதுவும் இல்லை, ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் அக்கரைவீட்டு மோர்வித். ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஒரே வீடு அவருடையது. வேலை இந்தப்பக்கம், பள்ளிக்கூடச் சமையலறையில். ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. பொம்ப்ரென் இருந்தவரை வீட்டிலிருந்து அடுப்புக்குப் பத்து நிமிடம். போன பிறகு மேல்பாலம் சுற்றி ஐந்து மைல், அதுவும் சாலை இல்லாத ஆட்டுத்தடத்தில், நடந்து. இறங்கிக் கடக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கமிட்டியும் கேட்டது. ஓடை ஒன்பதடி அகலம்; கோடையில் முழங்கால், மழைக்குப் பின் இடுப்பு, எந்த நாளும் ஆளை இழுக்கும் வேகம்.

மோர்வித் கமிட்டிக்கு வந்தார். தலைவர் நாற்காலியில் ஹவெல் ப்ரோபர்ட், ஆட்டுச் சந்தையில் நாற்பது வருடம் ஏலம் விட்டு ஓய்வுபெற்றவர்.

"சேர்மன், பாலம் போயிடுச்சு."

"எந்தப் பாலம்?"

"ஊர்ல இருந்ததே ஒண்ணுதானே?"

"அதுக்குப் பேர் பாலம் இல்லம்மா. பொம்ப்ரென். சபையில சரியான சொல்லைப் புழங்கணும்."

"சரி. பொம்ப்ரென் போயிடுச்சு."

"ஆகா!" தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "எவ்வளவு அழகான சொல்லு! இன்னொரு தடவ சொல்லும்மா."

அவர் இன்னொரு தடவை சொன்னார். கமிட்டி நெகிழ்ந்தது. கமிட்டியின் நீண்ட மேசைக்குத் தேநீர் வந்தது.

இரண்டாவது கோப்பையின்போதுதான் அந்த அசம்பாவிதம் நடந்தது. தச்சர் எமிர், யாரும் கேட்காமலே எழுந்து நின்றார்.

"என்கிட்ட நல்ல ஓக் பலகை கிடக்கு. காசு வேணாம். சனிக்கிழமை ரெண்டு பேரு கை கொடுத்தா மத்தியானத்துக்குள்ள போட்டுரலாம்."

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். 'சனிக்கிழமை' என்பது போன்ற ஒரு சொல் எங்கள் கமிட்டி அறையில் அதுவரை உச்சரிக்கப்பட்டதில்லை. 'உரிய காலத்தில்', 'விரைவில்', 'அடுத்த கூட்டத்துக்கு முன்' போன்றவைதான் வழக்கு.

"எமிர், உன் நல்ல மனசு தெரியுது" என்றார் தலைவர், அடிபட்ட ஆட்டைத் தடவிக்கொடுப்பதுபோல. "ஆனா போட்டி வைக்காம இந்த ஊர்ல எதையும் யாருக்கும் கொடுத்ததில்ல. பாட்டுக்குப் போட்டி, கவிதைக்குப் போட்டி, ஜாமுக்குப் போட்டி, கிடாவுக்குப் போட்டி. பாலத்துக்கு மட்டும் இல்லைன்னா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"நனையாம போகலாம்னு நினைப்பாங்க."

'ஆரோக்கியமான விவாதம் நடைபெற்றது' என்று குறித்துக்கொண்டேன். எமிரின் பலகைகள் 'பாதுகாப்புக் கருதி' ஊர்மன்றத்துக்குள் கொண்டுவரப்பட்டன. மறுநாளே ஒப்பந்தப் போட்டி அறிவிக்கப்பட்டது.

எங்கள் ஐஸ்டெத்வொட் என்னும் கலைப் போட்டி விழாக்களில் கவிதைக்கு என்ன முறையோ, அதே முறை. போட்டியாளர் புனைபெயரில் எழுத வேண்டும். உண்மைப் பெயர் ஒட்டிய உறைக்குள். நடுவர், சிற்றாலயப் போதகர் ரிடியன். பாலத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்பதால் அவருடைய நடுநிலைமை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது.

மூன்று திட்டங்கள் வந்தன. தீர்ப்புரை ஐம்பது நிமிடம்.

"'மலைக்காற்று' என்பவர் வரைபடம் அனுப்பியிருக்கார். கோடுகள் நேர்த்தி. ஆனா கைப்பிடியில கற்பனை வறண்டிருக்கு. 'வெள்ளிமீன்' என்பவர் கான்கிரீட்ல கட்டறேங்கறார்." இங்கே போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "கான்கிரீட்ல பொம்ப்ரென்! மரம்ங்கற சொல்லை வயித்துக்குள்ள வச்சிருக்கிற ஒரு பெயருக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா?"

மன்றம் முழுவதும் "இல்லை, இல்லை" என்று முனகியது.

"மூணாவதா, 'உளி'. இவர் தீவன மூட்டைக் காகிதத்துல எழுதியிருக்கார். மொத்தமே ஒரு வரி. 'பலகை ரெண்டு, போல்ட்டு பதினாறு, சனிக்கிழமை.' கருத்து இருக்கு. ஓசை இல்ல. முடிவு சப்புன்னு இருக்கு."

எமிர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகவே, கனத்த இதயத்தோட சொல்றேன். பரிசுக்குத் தகுதியானவர் எவருமில்லை!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. பரிசு கொடுக்கும்போது யார் வேண்டுமானாலும் கைதட்டுவார்கள். பரிசை நிறுத்திவைக்கும்போது தட்டுவதற்குத் தனிப் பண்பாடு வேண்டும். எங்களிடம் அது இருக்கிறது.

கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து மோர்வித்தின் குரல் வந்தது. "அப்போ பாலம்?"

"தரம் முக்கியம் மோர்வித்" என்றார் போதகர். "தரம் குறைஞ்ச பாலத்துல எப்படி நடப்பீங்க?"

"நானும் தரம் குறைஞ்சவதான் போதகரே. நடந்துக்குவேன்."

வசந்தம் இப்படிக் கழிந்தது. மோர்வித் ஐந்து மணிக்கு எழுந்து நடந்தார். ஒரு நாள் மூடுபனியில் தடம் தவறி, பத்தரைக்கு அடுப்பைப் பற்றவைத்தார். பிள்ளைகள் ரொட்டியும் குளிர்ந்த பாலாடைக்கட்டியும் தின்றார்கள். பள்ளியிலிருந்து முதல் கடிதம். ஜூனில் இன்னொரு நாள் அதே கதை. இரண்டாம் கடிதம். மூன்றாவது கடிதம் வந்தால் வேலைக்கு வர வேண்டியதில்லை என்று இரண்டாவதிலேயே எழுதியிருந்தது. ப்ரோபர்ட்டின் பேரனும் அந்த ரொட்டியைத் தின்றவன்.

"நேரத்துக்கு வர்றதுக்கு என்ன கஷ்டம் இந்தப் பொம்பளைக்கு?" என்று தலைவர் என்னிடம் வருந்தினார்.

மோர்வித் மனு எழுதினார். மனுக்கள் குறைகேட்பு உட்கமிட்டிக்குப் போகும். அதன் தலைவர் பதவி காலி. அதற்குப் போட்டி அறிவிக்க வேண்டியது போட்டி உட்கமிட்டி. அது உரிய காலத்தில் கூடும்.

இதற்கிடையே கமிட்டி வெறுமனே இருக்கவில்லை. சிக்கலின் வேரைத் தேடியது, கண்டுபிடித்தது. மக்களுக்குப் பொம்ப்ரென் இல்லாததல்ல குறை, பொம்ப்ரென் என்ற சொல்லின் அருமை தெரியாததே குறை. எனவே ஜூலை ஐஸ்டெத்வொட்டில் பெரிய கட்டுரைப் போட்டி. தலைப்பு: 'பொம்ப்ரென்: தோற்றமும் பயன்பாடும்.' பரிசு, மரபுப்படி, ஒரு நாற்காலி. மரம்? மன்றத்தில் எமிரின் ஓக் பலகைகள் 'சும்மா' கிடந்தன.

"அது பாலத்துக்குக் கொடுத்த மரம்" என்றார் எமிர்.

"அதே விஷயத்துக்குத்தானே போகுது. பாலத்தோட பேருக்கு."

"பேருக்கு உட்கார நாற்காலி எதுக்கு?"

"எமிர், நீ தச்சன். தத்துவம் பேசாதே. அளவு எடு."

எமிர் அளவு எடுத்தார். அவர் கோபத்தில் செய்கிற சாமான் கெட்டியாக வரும். பாலத்துக்கு அறுத்த கனத்திலேயே நான்கு கால்கள், ஒருவர் படுத்துத் தூங்குமளவு அகலமான இருக்கை, ஆளுயர முதுகு. முதுகில் செதுக்கிய எழுத்துகளில் 'பொம்ப்ரென்'. மேடைக்கு ஏற்ற ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

நானும் போட்டியில் இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கல்லூரியில் மொழி வரலாறு படித்தவன். நாற்பத்தேழு பக்கம். புனைபெயர் 'ரோமானியத் தூதன்'. அந்த நாற்காலியை என் அறையில் எந்தச் சன்னல் ஓரம் போடுவது என்பதுவரை யோசித்துவைத்திருந்தேன்.

கடைசித் தேதிக்கு முதல்நாள் மோர்வித் என்னைத் தேடி வந்தார்.

"கெத்தின் பாக்" என்றார். இங்கே பெயரோடு யார் 'பாக்' சேர்த்துச் செல்லமாகக் கூப்பிட்டாலும், அடுத்து ஒரு வேலை தலையில் விழும் என்று பொருள். "போட்டிக்கு வர்ற எல்லாத்தையும் போதகர் மேடையில வாசிச்சே ஆகணும்ல?"

"ஆமா ஆன்ட்டி. விதி நாலு. வாசிச்சு, கருத்தும் சொல்லணும்."

"மனுவை?"

"மனுவை வாசிக்கணும்னு விதி எதுவும் இல்ல ஆன்ட்டி."

"நினைச்சேன்." பையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். வெங்காய வாசனை அடித்தது. மேலே 'ஈரக்கால்' என்று புனைபெயர். "பத்திரமாச் சேத்துரு."

சேர்த்தேன். உள்ளே என்னவென்று தெரியாது. சமையல் குறிப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

விழா நாளில் மன்றத்தில் நிற்க இடமில்லை. ஐந்து கட்டுரைகள். என்னுடையது முதலில்.

"'ரோமானியத் தூதன்'. நாற்பத்தேழு பக்கம். இருபதாம் பக்கத்துல எனக்கு ரோமானியர்கள் மேல கோபம் வந்துச்சு. முப்பதாம் பக்கத்துல அவங்க ஏன் நாட்டை விட்டுப் போனாங்கன்னு புரிஞ்சுது."

சிரிப்பு. நானும் சிரித்தேன். புனைபெயரின் பயன் அதுதான்.

கடைசியாகப் போதகர் ஒரே ஒரு தாளை எடுத்தார். "'ஈரக்கால்'. முழுசா வாசிக்கிறேன்."

வாசித்தார்.

'பொம்ப்ரென் என்பது பெயர்ச்சொல். பிப்ரவரி பதினான்காம் தேதி வரை அது ஓடைமேல் இருந்தது. தினமும் காலை ஏழேகாலுக்கு அதில் ஒருத்தி நடப்பாள். நடந்தால் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் சூடாகச் சாப்பிடும். இப்போது ஐந்து மைல். இரண்டு கடிதம் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை இல்லை. தோற்றம்: வெள்ளத்துக்கு முன். பயன்பாடு: கிடையாது.'

தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"'பயன்பாடு: கிடையாது.' என்ன ஒரு முடிவு! இல்லாத ஒண்ணை வச்சு, இருக்கிறதையெல்லாம் வெக்கப்பட வைக்கிறார். அந்த ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் யாரு? நம்ம மொழியோட வருங்கால வாரிசுகள். சூடான சாப்பாடு? ஞானம்! மூணாவது கடிதம்னா என்ன? எனக்கு உடம்பு சிலிர்க்குது. அது மரணம். இதை எழுதினவர் முதிர்ந்த ஆண்மகன். பெரிய பல்கலைக்கழகத்துல படிச்சவர். ஏதோ ஒரு ஆழ்ந்த துயரத்துல இருக்கார். அது என்ன துயரம்னு நாம கண்டுபிடிக்க முடியாது."

எக்காளம் முழங்கியது. "ஈரக்கால் எழுந்து நிற்கட்டும்!"

எல்லாரும் பள்ளி ஆசிரியரைப் பார்த்தார்கள். அவர், தான் இல்லையே என்ற வருத்தத்தோடு தலையசைத்தார். பின்னால், தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், மோர்வித் ஏப்ரனைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தார்.

அவர் மேல் நீல அங்கியைப் போர்த்தி மேடைக்கு அழைத்துப்போனார்கள். தலைவர் ப்ரோபர்ட் மரபுப்படி வாளை உறையிலிருந்து பாதி உருவினார். மூன்று முறை கேட்க வேண்டும்.

"சமாதானமா?"

"சமாதானம்!" என்றது மன்றம்.

"சமாதானமா?"

"சமாதானம்!"

"சமாதானமா?"

"பாலம் எங்க?" என்றார் மோர்வித்.

இந்தப் பதிலுக்கு மரபில் இடமே இல்லை. பாதி உருவிய வாளை உள்ளே தள்ளுவதா, வெளியே எடுப்பதா என்று தெரியாமல் தலைவர் அப்படியே நின்றார். பிறகு நிலைமையைப் புரிந்துகொண்ட மன்றம், மொத்தக் குரலில், "சமாதானம்! சமாதானம்!" என்று இரண்டு முறை கத்தி அவரைக் காப்பாற்றியது.

மோர்வித் நாற்காலியில் உட்கார்ந்தார். இடமும் வலமுமாக ஒரு தடவை ஆட்டிப்பார்த்தார்.

"ஆடுதா?" என்று கீழேயிருந்து எமிர் கேட்டார்.

"ஆடல."

"ஆடாது."

திங்கட்கிழமை காலை அது ஓடையின் நடுவில் நின்றது. எமிரின் டிராக்டர் தடம் கரையில் தெரிந்தது. ஏழேகாலுக்கு மோர்வித் அக்கரையிலிருந்து ஓர் எட்டு எடுத்து இருக்கையில் கால் வைத்தார். 'பொம்ப்ரென்' என்ற எழுத்துகளைக் கையால் பிடித்துக்கொண்டார். இன்னோர் எட்டு, இக்கரை. அன்று பிள்ளைகளுக்கு ஆட்டுக்கறியும் லீக் வெங்காயமும் போட்ட சூடான கவ்ல் சூப்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. தலைவர் கொதித்தார்.

"நாற்காலிங்கறது உட்கார! மிதிக்கறதுக்கா?"

"உட்கார எனக்கு எங்க நேரம் இருக்கு சேர்மன்?" என்றார் மோர்வித்.

நாற்காலியை எடுப்பதா வேண்டாமா என்று நான்கு கூட்டங்கள் விவாதித்தோம். ஐந்தாவதற்குள் மாவட்ட அலுவலகத்திலிருந்து பொறியாளர் ஒருவர் வந்துசேர்ந்தார். மார்ச்சில் நான் அனுப்பிய விண்ணப்பம் செப்டம்பரில் அவருக்குக் கிடைத்திருந்தது. நாற்காலியைச் சுற்றிவந்தார். அளந்தார். மேலே ஏறி அக்கரை போய் இக்கரை வந்தார். படிவத்தில் எழுதினார்: 'கடக்கும் வசதி உள்ளது. புழக்கத்தில் இருக்கிறது. மேல் நடவடிக்கை தேவையில்லை.' கோப்பு மூடப்பட்டது.

"பாத்தியா கெத்தின்!" தலைவர் என் தோளைக் குலுக்கினார். "சொல்லை நாம காப்பாத்தினோம், சொல் பாலத்தைக் கொண்டுவந்துருச்சு. ஆண்டறிக்கையில போடு. 'கமிட்டியின் அயராத முயற்சியால்.'"

போட்டேன். பிழை திருத்தி, அழகாக.

அக்டோபரில் மழை பிடித்தது. வெள்ளிக்கிழமை தண்ணீர் இருக்கையைத் தொட்டது. சாயங்காலம் மோர்வித் வழுக்கி, ஒரு கையால் முதுகுப் பலகையைப் பிடித்துத் தொங்கி, நெஞ்சுவரை நனைந்து கரையேறினார். நான் அங்கே இருந்தேன். குடை பிடித்திருந்தேன்.

"திங்கக்கிழமை இது முங்கிரும்" என்றார், தலைமுடியைப் பிழிந்தபடி. அழவில்லை. "சுத்திப் போலாம்னா மேல்தடம் சரிஞ்சு கிடக்கு. மூணாவது கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு ரெடியா வச்சிருப்பாங்க."

"கமிட்டி செவ்வாய்க்கிழமை கூடுது ஆன்ட்டி. தீர்மானம் கொண்டுவர்றேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ நல்ல பையன் கெத்தின். ரொம்ப நல்லா எழுதுற" என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் எமிரின் பட்டறைக்குப் போனேன். மன்றத்துச் சாவி செயலாளரிடம்தான் இருக்கும். எமிர் திருப்புளியை எடுத்துக்கொண்டார். மன்றத்துக்குள் நான்கு கால்களைக் கழற்ற இருபது நிமிடம். மேலிருந்த பலகைகளை ஓடைக்குக் கொண்டுபோய், நடுவில் நாற்காலியின் இரு கைகள்மேல் தாங்க வைத்து, இரு கரையிலும் ஆணி இறக்கியபோது மணி ஒன்றாகவில்லை. பலகைகளின் நடுவில் தேநீர்க் கோப்பைகள் வைத்த வட்ட வட்டமான தழும்புகள் இருந்தன. தண்ணீர் இரண்டடி கீழே ஓடியது. திங்கட்கிழமை மோர்வித் செருப்புக்கூட நனையாமல் வந்து ஏழரைக்கு அடுப்பைப் பற்றவைத்தார். மூன்றாவது கடிதம் யாருக்கும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடியபோது, வெற்றுத் தரையைச் சுற்றிப் பதின்மூன்று பேர் நின்றார்கள். கோப்பையை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

"மேசை எங்க?" என்றார் ப்ரோபர்ட். "அறுபது வருஷத்து மேசைய்யா அது! பதிமூணடி! எங்க போச்சு?"

தலைவர் சரியான சொல்லை விரும்புகிறவர். எனவே குறிப்பேட்டில் சரியான சொற்களிலேயே எழுதிவைத்திருக்கிறேன்: அறுபது வருடம் அந்த மேசையைச் சுற்றி நாங்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம், அதைக்கொண்டு ஒருவர் ஓர் இடத்துக்குப் போய்ச்சேர்ந்தது நேற்றுக் காலைதான்.